திறந்தவெளி ராக் கச்சேரிக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்லாயிரம் பேர் நின்றபடி பார்க்கும் பெரிய மைதானக் கச்சேரிகளைப் பற்றிய பக்கம் இது. முதல் தடவை போகிறவர்கள் கேட்பதும், போய்விட்டுக் கால் வலியோடும் காது இரைச்சலோடும் திரும்பியவர்கள் கேட்பதும் இதில் கலந்திருக்கின்றன. எங்கே நிற்பது என்ற கேள்விக்குத்தான் அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம். மற்ற முடிவுகளில் பாதி அதைப் பொறுத்தவை.

வாசல் வரை

டிக்கெட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதாதா?

பல இடங்களில் போதாது. சில செயலிகளில் பார்கோடு சில விநாடிகளுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கும். பழைய படத்தை ஸ்கேனர் ஏற்காது. வாசலில் செயலியைத் திறக்கலாம் என்று இருந்தால் அங்கே நெட்வொர்க் கிடைக்காது. வீட்டிலேயே டிக்கெட்டைத் திறந்து போனின் வாலட்டில் சேர்த்துவிடுங்கள்.

நண்பர்கள் எல்லோருடைய டிக்கெட்டும் ஒரே போனில் இருப்பது இன்னொரு தலைவலி. ஒருவர் தாமதமானால் அத்தனை பேரும் வெளியே நிற்க வேண்டியதுதான். அவரவர் டிக்கெட்டை முன்கூட்டியே அவரவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள்.

எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

டிக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் வாசல் திறக்கும் நேரம். முக்கிய இசைக்குழு மேடையேறுவது அதற்குப் பல மணி நேரம் கழித்துத்தான். நடுவில் ஒன்றிரண்டு குழுக்கள் வாசிக்கும். ஒவ்வொரு குழுவுக்கும் இடையே மேடையை மாற்ற 30 முதல் 45 நிமிடம் ஆகும். முக்கியக் குழுவின் நிகழ்ச்சி ஏறத்தாழ 90 முதல் 120 நிமிடம்.

முன்வரிசைத் தடுப்புக் கம்பியைப் பிடிக்க வேண்டுமென்றால் வாசல் திறக்கும் முன்பே வரிசையில் இருக்க வேண்டும். அந்த ஆசை இல்லாதவர்கள் முதல் குழு தொடங்கும் நேரத்துக்கு வந்தால் போதும்.

இரவு இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று பெரும்பாலான மைதானங்களுக்குக் கெடு உண்டு. தாமதமாகத் தொடங்கினால் தாமதமாக முடியும் என்று நம்பாதீர்கள். பாட்டுகளைத்தான் குறைப்பார்கள்.

வாசல் திறந்ததும் ஓடலாமா?

வேண்டாம். 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் தி ஹூ குழுவின் கச்சேரிக்கு இருக்கை எண் போடாத டிக்கெட்டுகள் ஏராளமாக விற்கப்பட்டிருந்தன. திறந்த கதவுகளோ மிகச் சில. முண்டியடித்த கூட்டத்தில் 11 பேர் இறந்தார்கள். அது உள்ளரங்கம்தான், ஆனால் இறந்தவர்கள் கதவுக்கு வெளியே நின்றவர்கள். முன்னால் இருப்பவருக்கு என்ன ஆகிறது என்பது பின்னாலிருந்து தள்ளுபவருக்குத் தெரியவே தெரியாது.

பையில் என்ன வைக்கலாம்?

முடிந்தால் பையே வேண்டாம். பை இல்லாதவர்களுக்குச் சோதனை வரிசை வேகமாக நகரும். எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஏ4 தாளைவிடப் பெரிதாக இருக்க வேண்டாம். இயர்பிளக், அடையாள அட்டை, பவர் பேங்க், அதற்கான கேபிள் (இதைத்தான் மறப்பார்கள்), மடித்து வைக்கும் மெல்லிய மழைக்கோட்டு, டிஷ்யூ, காலியான மெல்லிய தண்ணீர்ப் பை, இவ்வளவு போதும். மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் கொண்டு வாருங்கள். உதிரி மாத்திரைகளை வாசலில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

குடை, கண்ணாடி பாட்டில், செல்ஃபி ஸ்டிக், ஸ்பிரே டப்பா, லென்ஸ் கழற்றும் கேமரா ஆகியவை வழக்கமாக வாசலிலேயே நின்றுவிடும். சில இடங்களில் அவற்றைத் திருப்பித் தரவும் மாட்டார்கள்.

செருப்பு போடலாமா?

கூடாது. மூடிய ஷூ, அதுவும் ஏற்கெனவே கால் பழகிய ஷூ. புது ஷூவில் ஆறு மணி நேரம் நின்றால் குதிகால் தோல் உரிந்துவிடும். அடிப்பகுதி தடித்த ஷூவாக இருந்தால் சேற்றிலும் நிற்கலாம், இரண்டு அங்குல உயரமும் கிடைக்கும். வளையம்போன்ற காதணிகளைக் கழற்றிவிடுங்கள், நீளக் கூந்தலை முடிந்துகொள்ளுங்கள். போன் முன்பக்கப் பாக்கெட்டில், ஜிப் உள்ளே. பேண்டின் பின்பாக்கெட்டில் வைத்த போன் முதல் பாட்டிலேயே காணாமல் போகும்.

நிற்கும் இடமும் ஒலியும்

எங்கே நின்றால் நன்றாகக் கேட்கும்?

மேடைக்கு நேர் எதிரே, கூட்டத்தின் நடுவில், கூரை போட்ட ஒரு சிறு மேடை தெரியும். மேடையிலிருந்து ஏறத்தாழ 30 முதல் 50 மீட்டர் தூரத்தில் இருக்கும். அங்கே ஒலிகளைக் கலக்கும் மிக்சிங் டெஸ்க்கும் ஒலிப் பொறியாளரும் இருப்பார்கள். குரல் எவ்வளவு, கிட்டார் எவ்வளவு என்று அவர் தீர்மானிப்பது தன் காதில் விழுவதை வைத்து. ஆகவே அவருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அவர் நினைத்த கலவை அப்படியே கிடைக்கும். அந்தச் சிறு மேடைக்கு முன்னால், அதன் தடுப்புக் கம்பியில் முதுகு சாய்த்து நிற்பதுதான் எங்களைக் கேட்டால் மைதானத்திலேயே சிறந்த இடம். பின்னாலிருந்து யாரும் தள்ள முடியாது. மேடை முழுதாகத் தெரியும். கால் வலித்தால் சாய்ந்துகொள்ளலாம்.

அங்கே நின்றாலும் சில அடிகள் நகர்ந்து பார்த்து முடிவு செய்யுங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் வைத்த சப்வூஃபர்களின் (தாழ்ந்த சுருதிக்கான பெரிய ஸ்பீக்கர்கள்) பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, சரியான நடுக்கோட்டில் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் அங்கே அதிர்வு கூடுதலாக இருக்கும். நெஞ்சுக்கூட்டில் டிரம் இடிப்பது அங்கேதான். ஓரமாக நகர நகர ஒரு பக்கத்துப் பேஸ் முன்னதாகவும் மறுபக்கத்தது பிந்தியும் வரும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். இரண்டு பக்கத் தூரமும் மூன்றரை மீட்டர் வேறுபட்டால் அந்தச் சுருதி ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மங்கிவிடும். பேஸ் கிட்டாரில் சில சுருதிகள் மட்டும் காணாமல் போவதாகத் தோன்றினால் வாசிப்பவர் மேல் பழி போடாதீர்கள். இரண்டு மூன்று மீட்டர் நகர்ந்து பாருங்கள். சப்வூஃபர்களை மேடையின் முன்னால் நீளவாக்கில் வரிசையாக அடுக்கும் கச்சேரிகளில் இந்தத் தொல்லை குறைவு.

முன்வரிசையில்தானே ஒலி அருமையாக இருக்கும்?

இருக்காது. முக்கிய ஸ்பீக்கர்கள் மேடையின் இரு பக்கமும் உயரத்தில் தொங்குகின்றன. அவற்றின் ஒலியில் பெரும்பகுதி முன்வரிசையின் தலைக்கு மேலாகப் பாய்ந்து பின்னால் போய் விழும். முன்வரிசைக்குக் கிடைப்பது மேடை விளிம்பில் வைத்த சிறு ஸ்பீக்கர்களின் ஒலியும், டிரம்ஸிலிருந்தும் கிட்டார் ஆம்ப்ளிஃபையரிலிருந்தும் நேரே வரும் சத்தமும், காலடியில் இருக்கும் சப்வூஃபரின் இடியும். பாடகரின் குரல் அதில் அமுங்கிப்போகும். முன்வரிசை கண்ணுக்குத்தான் விருந்து. கிட்டார் கலைஞரின் விரலைப் பார்க்கலாம், கிட்டார் மீட்டும் சிறு வில்லையான பிளெக்ட்ரத்தை வீசினால் பிடிக்கலாம். நல்ல ஒலி வேண்டுபவர்கள் பின்னால் வரட்டும்.

பின்னால் நின்றால், திரையில் டிரம்மர் அடிப்பதும் சத்தமும் பொருந்தவில்லையே?

பொருந்தாது. 20 டிகிரி செல்சியஸில் காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். 100 மீட்டர் பின்னால் இருப்பவருக்குச் சத்தம் கிட்டத்தட்ட 0.3 விநாடி பிந்தி வரும். ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை.

மைதானத்தின் நடுவே நிற்கும் ஸ்பீக்கர் கோபுரங்கள் உடனுக்குடன் ஒலித்தால் நிலைமை இன்னும் மோசமாகும். கோபுரத்தின் ஒலி முதலிலும் மேடையின் ஒலி பிறகும் வந்து ஒவ்வொரு அடியும் இரண்டிரண்டாகக் கேட்கும். அதனால் கோபுரத்துக்குப் போகும் ஒலியை வேண்டுமென்றே பிந்த வைக்கிறார்கள். பக்கத்தில் கோபுரம் இருந்தும் திரையோடு பொருந்தாததற்குக் காரணம் இதுதான்.

காற்று அடிக்கும்போது பாட்டு வந்து வந்து போகிறதே?

தரையை ஒட்டிக் காற்று மெதுவாகவும் உயரத்தில் வேகமாகவும் வீசும். காற்றை எதிர்த்து வரும் ஒலி இதனால் மேல்நோக்கி வளைந்து உங்கள் தலைக்கு மேலே போய்விடும். காற்றோடு வரும் ஒலி கீழே வளைந்து காதில் நன்றாக விழும். வெயிலில் சூடேறிய தரையும் ஒலியை மேலே வளைக்கும். இருட்டிய பிறகு தரை குளிர்ந்தால் நேர்மாறு. பிற்பகல் குழுவின் ஒலி சப்பென்றும் இரவுக் குழுவின் ஒலி கனமாகவும் இருப்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

முதலில் அடிபடுவது டிரம்ஸின் சிம்பல் தட்டு, குரலில் வரும் எஸ், ஷ் போன்ற உயர்ந்த சுருதிகள். தூரம் கூடக் கூடக் காற்றே அவற்றை விழுங்கிவிடும். மேடைக்கோ ஒலிக் கோபுரத்துக்கோ 20, 30 மீட்டர் நெருங்கிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

இயர்பிளக் போட்டால் இசை கெட்டுப்போகாதா?

எந்த இயர்பிளக் என்பதைப் பொறுத்தது. மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை இயர்பிளக் நன்றாகவே காக்கும், ஆனால் உயர்ந்த சுருதிகளை அதிகமாக வெட்டுவதால் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். இசைக் கலைஞர்களுக்கென்று செய்யும் சிலிக்கான் வகையில் ஒரு சிறு வடிகட்டி இருக்கும். அது எல்லாச் சுருதிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில், 15 முதல் 20 டெசிபல் வரை, குறைக்கும். பாட்டு பாட்டாகவே இருக்கும், அளவு மட்டும் தாழும். குரலின் சொற்கள் இன்னும் தெளிவாகக்கூடக் கேட்கும்.

இது ஏன் தேவை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் வைத்திருக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் மிஞ்சுவது 15 நிமிடம். ராக் கச்சேரியில் 100 டெசிபல் சாதாரணம், நிகழ்ச்சியோ இரண்டு மணி நேரம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, நிகழ்ச்சிகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. வரம்புக்குள் நடக்கும் கச்சேரியும் வெறுங்காதுக்கு நீண்ட நேரம்தான்.

நுரை இயர்பிளக்கைப் பலர் தப்பாகப் போடுகிறார்கள். விரலால் உருட்டி ஊசிபோல் மெலிதாக்குங்கள். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுங்கள். காதுக்குழாய் நேராகும். உள்ளே செருகி, விரிந்து அடைக்கும்வரை 20, 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். பிறகு இரு காதையும் உள்ளங்கையால் பொத்திப் பாருங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் இயர்பிளக் சரியாக உட்காரவில்லை. பஞ்சும் டிஷ்யூவும் பயன்படாது.

முதல் குழு தொடங்கும் முன்பே போட்டுவிடுங்கள். காது இரைந்த பிறகு போடுவதில் பலன் குறைவு.

குழந்தையை அழைத்து வரலாமா?

நிகழ்ச்சியின் வயது வரம்பைப் பாருங்கள். அனுமதி இருந்தால் தலையில் மாட்டும் காதுமூடி கட்டாயம். சிறு குழந்தையின் காதுக்குழாயில் இயர்பிளக் நிற்காது. மிக்சிங் டெஸ்க்குக்கு வெகு பின்னால், ஓரமாக, வெளியேறும் வழிக்கு அருகில் நில்லுங்கள். சட்டைக்குள் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள்.

கூட்டத்துக்குள்

மோஷ் பிட்டில் என்ன நடைமுறை?

கூட்டத்தின் நடுவே வட்டமாக இடம் திறந்து, தாளத்துக்கு ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வது மோஷ் பிட். பார்க்கச் சண்டைபோல் இருக்கும், சண்டையில்லை. எழுதாத சட்டம் ஒன்றே ஒன்று: யார் விழுந்தாலும் அக்கணமே தூக்கிவிட வேண்டும். தோளால் தள்ளலாம், முழங்கையையும் முட்டியையும் தூக்கக் கூடாது. கீழே கிடந்த ஷூ அல்லது கண்ணாடி கிடைத்தால் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டுவார்கள், உரியவர் வந்து வாங்கிக்கொள்வார். விளிம்பில் நிற்பவர்கள் உள்ளங்கையை முன்னால் நீட்டி வைத்திருப்பது நல்லது. விருப்பமில்லாதவரை உள்ளே இழுப்பது அநாகரிகம்.

வட்டம் திறப்பது தெரிந்ததும் ஐந்தாறு வரிசை பின்வாங்க உங்களுக்கு நேரம் இருக்கும். முன்பக்கத்தின் நடுப்பகுதியில்தான் பெரும்பாலும் திறக்கும்.

க்ரவுட் சர்ஃபிங்?

கூட்டத்தின் தலைக்கு மேலே படுத்தபடி, பலர் கையால் தாங்கி நகர்த்த முன்னால் போவது இது. அனுமதி உள்ள இடத்தில் மட்டும். பாக்கெட்டைக் காலி செய்துவிட்டு, மல்லாந்து, காலை உதைக்காமல் போக வேண்டும். முன் தடுப்பில் காவலர்கள் இறக்கி ஓரமாக வெளியே அனுப்புவார்கள். பிடித்து வைத்த இடம் போனது போனதுதான். முன்வரிசையில் இருப்பவர்கள் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் அடிபடுவது பெரும்பாலும் பின்னாலிருந்து வரும் ஷூவால்தான்.

நெரிசல் ஆபத்தாக மாறுவதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்றால் நெருக்கம். ஐந்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். ஆறு, ஏழு ஆகும்போது கூட்டம் தண்ணீராகிவிடுகிறது. தனித்தனி ஆட்கள் நகர்வது நின்று, மொத்தமும் அலையாக அசையும். எண்ணிப் பார்க்க முடியாத இடத்தில் உடம்பை வைத்துக் கணக்கிடுங்கள். கையை முகத்துக்குக் கொண்டுபோக முடிகிறதா? நின்ற இடத்தில் சுற்றித் திரும்ப முடிகிறதா? முடியவில்லையென்றால் அடுத்த பாட்டுக்குக் காத்திராமல் வெளியேறுங்கள். நீங்கள் நகராமலே கால் தரையில் இழுபடுகிறது என்றால் ஏற்கெனவே தாமதம்.

இப்படிப்பட்ட விபத்தில் உயிர் போவது பெரும்பாலும் மிதிபட்டு அல்ல, மார்பு விரிய இடமில்லாமல் மூச்சு அடைத்து. நின்றபடியே நடக்கும். 2000 ஜூன் 30 அன்று டென்மார்க்கின் ரோஸ்கில்ட் விழாவில், பேர்ல் ஜாம் குழு வாசித்துக்கொண்டிருந்தபோது மேடைக்கு முன்னால் சிலர் விழ, 9 இளைஞர்கள் இறந்தார்கள்.

சிக்கிக்கொண்டால் இரண்டு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னால் வைத்து, விலா எலும்புக்கு முன் ஒரு சாண் இடம் காத்துக்கொள்ளுங்கள். கத்தி மூச்சை வீணாக்க வேண்டாம். தள்ளு வரும்போது எதிர்க்காமல் அதோடு போங்கள். தள்ளு ஓயும் இடைவெளியில் ஓரத்தை நோக்கிச் சாய்வாக இரண்டடி, அடுத்த ஓய்வில் மீண்டும் இரண்டடி. நேராகப் பின்னோக்கிப் போக முயன்றால் மொத்தக் கூட்டத்தின் எடையோடு மோத வேண்டியிருக்கும். கீழே விழுந்த போனை எடுக்கக் குனியவே குனியாதீர்கள்.

முன் தடுப்பை ஒட்டி நின்றால் வழி முன்னாலேயே இருக்கிறது. கையை உயர்த்திக் காவலரின் கண்ணைப் பார்த்துச் சைகை செய்யுங்கள். தடுப்புக்கு மேலாகத் தூக்கி எடுப்பது அவர்களுக்கு அன்றாட வேலை.

தண்ணீர், கழிப்பறை?

நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். கழிப்பறைக்குப் பயந்து குடிக்காமலிருப்பவர்கள்தான் வெயிலில் மயங்கி விழுகிறார்கள். வியர்த்து ஊற்றும் நாளில் லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆகாது, உடம்பில் உப்பு இறங்கிவிடும். இடையில் ஓ.ஆர்.எஸ். கரைசலோ உப்புள்ள ஏதாவதோ சேருங்கள். வியர்வை நின்று, தோல் சூடாகி, பேச்சு குழறினால் அது வெப்பத்தாக்கு. வியர்வை இருந்தாலும் பேச்சோ புத்தியோ தடுமாறினால் அப்படித்தான் கொள்ள வேண்டும். உடனே நிழலுக்கு நகர்த்தி, உடம்பை ஈரப்படுத்தி, மருத்துவக் குழுவை அழையுங்கள்.

கழிப்பறைக்குப் போக நல்ல நேரம் முக்கியக் குழுவுக்கு முந்தைய குழு வாசித்துக்கொண்டிருக்கும்போது. அது முடிந்ததும் போகலாம் என்று மைதானமே நினைக்கும். வாசலிலிருந்து தொலைவில் இருக்கும் வரிசை எப்போதும் சிறியது.

போன் வேலை செய்யாதாமே?

டேட்டா படுத்துவிடும். எஸ்எம்எஸ் ஒருவாறு போகும், ஆனால் தாமதமாக. ஆகவே செய்தியில் நேரத்தையும் எழுதுங்கள். “இப்போது கோபுரத்துப் பக்கம் இருக்கிறேன்” என்ற செய்தி 40 நிமிடம் கழித்து வந்தால் ஆளைக் காண முடியாது. “8.10-க்கு இடப்பக்க இரண்டாம் கோபுரம்” என்றால் குழப்பமில்லை. சந்திக்கும் இடத்தை உள்ளே நுழைந்ததுமே பேசி வையுங்கள். “மேடைக்கு முன்னால்” என்பது இடமே அல்ல. போனை ஏரோபிளேன் மோடில் வைத்தால் பேட்டரி நிற்கும். சிக்னல் தேடித் தேடித்தான் அது காலியாகிறது.

படம் எடுப்பது பற்றி?

ஒரு பாட்டு எடுங்கள், போதும். ஃபிளாஷ் ஐம்பது மீட்டர் போகாது, முன்னால் நிற்பவரின் பின்மண்டையைத்தான் வெளிச்சமாக்கும். வீடியோவில் சத்தம் கரகரவென்று பதிவானால் மைக் திணறுகிறது என்று பொருள். செயலியில் ஒலிப்பதிவு அளவைக் குறைக்க வழியிருந்தால் குறையுங்கள். போனைத் தலைக்கு மேலே உயர்த்தாமல் முகத்தருகே பிடிப்பது பின்னால் இருப்பவருக்குச் செய்யும் மரியாதை.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு? வலிப்பு உள்ளவர்களுக்கு?

பெரிய கச்சேரிகளில் உயர்த்திய பார்வை மேடை இருக்கும், துணைக்கு வருபவருக்கும் இடம் தருவார்கள். இடம் குறைவென்பதால் டிக்கெட் வாங்கும் அன்றே விண்ணப்பியுங்கள். வலிப்பு உள்ளவர்கள் வேகமாக மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எதிர்பாராமல் மின்னினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மூடி, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். இரு கண்ணையும் இமைத்து மூடுவது போதாது, ஒளி இமையைத் தாண்டும்.

வானிலை, வெளியேறுதல், மறுநாள்

மழை வந்தால் நிறுத்திவிடுவார்களா?

மழைக்கு நிறுத்துவது அரிது. காற்றுக்கும் மின்னலுக்கும்தான் நிறுத்துவார்கள். மேடைக் கூரை, திரை, தொங்கும் ஸ்பீக்கர் எல்லாம் காற்றைப் பிடிக்கும் பாய்கள். 2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலக் கண்காட்சியில் புயலுக்கு முன்னோடியாக வந்த ஒரு வன்காற்றில் மேடை அமைப்பு சரிந்து 7 பேர் இறந்தார்கள். ஐந்தே நாளில் பெல்ஜியத்தின் புக்கல்பாப் விழாவைப் புயல் தாக்கி 5 பேர் இறந்தார்கள். வானம் கறுத்துக் குளிர்காற்று திடீரென்று வீசினால், அறிவிப்பு வராவிட்டாலும் மேடை, கோபுரம், கூடாரம், மரம் ஆகியவற்றை விட்டு விலகுங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கட்டடத்துக்குள்ளோ கதவு மூடிய காருக்குள்ளோ போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் அங்கேயே இருங்கள். டிக்கெட்டையும் கைப்பட்டையையும் எறிந்துவிடாதீர்கள். மறுதேதியோ பணமோ கிடைத்தால் அவற்றைக் கேட்பார்கள்.

முடிந்ததும் சீக்கிரம் வெளியே வர என்ன வழி?

கடைசிப் பாட்டுக்கு முன்பே கிளம்பலாம். இல்லையென்றால் விளக்குப் போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்காரலாம். இரண்டுக்கும் நடுவில் கிளம்புபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். குழு ஒரு முறை விடைபெற்றதும் ஓடாதீர்கள். மேடை இருட்டாகவே இருந்து பொதுவிளக்குகள் எரியாவிட்டால் திரும்ப வருவார்கள்.

காரை மூக்கு வெளிவழியைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். நிறுத்திய இடத்தை மேப்பில் குறித்து வைப்பதோடு பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணையும் படமெடுங்கள். இருட்டில் எல்லா வரிசையும் ஒன்றுபோலவே இருக்கும்.

காதில் ‘ஙொய்’ என்று கேட்கிறது. சரியாகுமா?

பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். அதுவரை ஹெட்போனைத் தொடாதீர்கள், சத்தமான இடத்துக்குப் போகாதீர்கள். விழாவின் இரண்டாம் நாளுக்கும் டிக்கெட் இருந்தால் அன்று முழுக்க இயர்பிளக்கோடு மிக்சிங் டெஸ்க்குக்குப் பின்னால் நில்லுங்கள். இரண்டு நாளைத் தாண்டியும் இரைச்சல் நிற்காவிட்டால் காது மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது மட்டும் சட்டென்று மந்தமானாலோ தலை சுற்றினாலோ இரண்டு நாள் பொறுக்கக் கூடாது, அன்றே போக வேண்டும். திடீர்ச் செவித்திறன் இழப்புக்கான ஸ்டீராய்டு சிகிச்சை தொடக்க நாட்களில்தான் பலன் தரும்.